ஓர் அடி முன்னால்

கதை எழுதுகிறவனிடம் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் கதாநாயகன் அப்படிச் செய்யக்கூடியவனா, ஸார்? முதல் அத்தியாயத்தில் நீங்கள் காட்டிய குணத்துக்கும் இந்தக் காரியத்துக்கும் பொருத்தமே இல்லையே!" என்பார்கள். நியாயமான கேள்விதான். மனிதனுக்குக் குணம் என்று ஒன்று இருக்கிறது, அதிலிருந்துதான் அவன் செய்கை முளைக்கிறது என்ற நம்பிக்கையில்தான் எங்கள் தொழிலே நடக்கிறது. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் முந்நூறு பக்கம் எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது.

சரித்திரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நான் நெடுநாளாக மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அந்த நாளை நாவலில் வைத்தால் வாசகர்கள் ஒருவர்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

1942-ஆம் வருஷம் ஜூலை 13. நம் நாட்டில் 'வெள்ளையனே வெளியேறு' என்ற முழக்கம் எழ இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. இடம், போலந்து தேசத்தில் யூஸெஃபூவ் என்ற சிற்றூர். யுத்தம் தொடங்கிய நாளிலிருந்து போலந்து ஜெர்மானியரின் காலடியில் கிடந்தது. அந்த ஊரில் ஏறக்குறைய 1,800 யூதர்கள் வசித்து வந்தார்கள்.

பொழுது விடிகிற நேரத்தில் லாரிகளில் வந்து இறங்கியது ஜெர்மன் போலீஸ் பட்டாளம் ஒன்று. ரிசர்வ் போலீஸ் பட்டாளம் 101 என்பது அதன் பெயர். ஏறக்குறைய ஐந்நூறு பேர். இவர்கள் யார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹிட்லரின் படை என்றதும் சினிமாவில் பார்த்த விறைப்பான வாலிபர்கள் நம் கண்முன் வந்து நிற்பார்கள். இவர்கள் அந்த ரகம் இல்லை. ஹாம்பர்க் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், லாரி ஓட்டியவர்கள், கிடங்குக் காவலர்கள், ஹோட்டலில் பரிமாறியவர்கள், கொஞ்சம் குமாஸ்தாக்கள். சராசரி வயது 39. ராணுவத்துக்கு வயதாகிவிட்டது என்று கழித்துவிடப்பட்ட ஆசாமிகள். பெரும்பாலோர் வீட்டில் மனைவி, குழந்தைகள் இருந்தார்கள். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-இல் இவர்கள் முப்பதை எட்டிவிட்டவர்கள். வேறு விதமான ஜெர்மனி ஒன்றில் வளர்ந்தவர்கள். தொழிற்சங்கமும் இடதுசாரிக் கட்சிகளும் செல்வாக்கோடு இருந்த நகரம் ஹாம்பர்க். கொலைகாரர்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும் என்று ஒருவன் புறப்பட்டால், இந்த ஊருக்கும் இந்த வயதுக்கும் வரவே மாட்டான்.

போலந்துக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுப்பி லாரியில் ஏற்றினார்கள். எங்கே, எதற்கு என்று பெரும்பாலோருக்குத் தெரியாது.

பட்டாளத்தின் தலைவர் மேஜர் வில்ஹெல்ம் டிராப். வயது 53. முதல் உலக யுத்தத்தில் பதக்கம் வாங்கியவர். அவருக்குக் கீழே இருந்தவர்கள் அவரை 'அப்பா டிராப்' என்று பிரியமாக அழைப்பது வழக்கம். தம் ஆட்களை அரைவட்டமாக நிறுத்திவைத்து அவர் பேசத் தொடங்கினார். முகம் வெளுத்திருந்தது; குரல் தழுதழுத்தது; கண்ணில் நீர். மிகவும் வெறுக்கத்தக்க வேலை ஒன்று வந்திருக்கிறது, தமக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஆனால் உத்தரவு மிக மேலேயிருந்து வந்திருக்கிறது என்றார். ஜெர்மனியில் பெண்கள் மேலும் குழந்தைகள் மேலும் குண்டு விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சமாதானம் சொன்னார். பிறகு வேலை இன்னதென்று விளக்கினார். ஊரில் உள்ள யூதர்களில் உழைக்கத் தகுந்த ஆண்களைத் தனியே பிரித்து அனுப்ப வேண்டும். மீதி இருப்பவர்களை, அதாவது பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும், காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட வேண்டும்.

இதற்கு அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தச் சம்பவத்தை மற்றக் கொடுமைகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. வயதில் பெரியவர்களில் யாருக்காவது இந்தக் காரியம் தம்மால் ஆகாது என்று தோன்றினால் அவர்கள் வரிசையை விட்டு முன்னால் வரலாம் என்றார்.

ஐந்நூறு பேர் நின்றார்கள். சில விநாடிகள் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒருவன் ஓர் அடி முன்னால் வைத்தான்.

அவன் மூன்றாவது கம்பெனியைச் சேர்ந்தவன். அந்தக் கம்பெனியின் தலைவன் காப்டன் ஹோஃப்மன், இருபத்தெட்டு வயது இளைஞன். தன் கம்பெனி ஆள் முதலில் போய் மானத்தை வாங்கிவிட்டானே என்று அவன்மேல் சீறி விழுந்தான். டிராப் குறுக்கிட்டு ஹோஃப்மனை அடக்கி, முன்னால் வந்தவனைத் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். மேஜர் சொன்னது வெறும் வார்த்தை இல்லை என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, வேறு வேலைக்கு நிற்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். உதை இல்லை, சிறை இல்லை, மரண தண்டனை இல்லை.

மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது: ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு. வெள்ளத்துக்கோ கொள்ளைக்கூட்டத்துக்கோ பயந்து ஓடிப் பிழைத்தவர்கள் சொல்லிவைத்ததாக இருக்கலாம். உயிர் தப்ப அது நல்ல யோசனைதான். யூஸெஃபூவில் அன்று காலை ஊர் ஓடவில்லை, அசையாமல் நின்றது. அதோடு ஒத்து அத்தனை பேரும் நின்றார்கள்.

அப்புறம் நடந்ததை விவரமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதாமல் விடுவதும் சரியில்லை. வீடுகளிலிருந்து ஜனங்களைச் சந்தைத் திடலுக்கு விரட்டினார்கள். நடக்க முடியாத கிழவர்களையும் நோயாளிகளையும் இருந்த இடத்திலேயே சுட்டுவிடும்படி உத்தரவு. எந்த இடத்தில் சுட்டால் உடனே உயிர் போகும் என்று பட்டாளத்தின் டாக்டர் விளக்கிக் காட்டினார். லாரியிலிருந்து இறங்கியவர்களில் ஆளுக்கு ஒருவராக ஜோடி சேர்த்தார்கள். ஒவ்வொரு போலீஸ்காரனும் தான் சுடப்போகிற மனிதரோடு அருகருகே காட்டுக்குள் நடந்து போனான். காலையில் ஆரம்பித்தது, இருட்டுகிற வரையில் நடந்தது. நடுவே சாராயம் கொண்டுவந்து கொடுத்தார்கள். குறைந்தது 1,500 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் பெயர் இருந்தது, அடுப்பில் பாதி வெந்த சமையல் இருந்தது. இந்தச் சம்பவத்தை நாம் அறிவது சுட்டவர்களின் வாக்குமூலத்தினால் என்பதால், செத்தவர்கள் எண்ணிக்கையாகவே நின்றுவிடுகிறார்கள். இந்த அநியாயத்தையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிராப் காட்டுப்பக்கம் போகவே இல்லை. ஊருக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். குழந்தைபோல் அழுததைப் பார்த்தவர்கள் உண்டு. "அவருக்குப் பார்க்கவே சகிக்காதாம், நாம் மட்டும் செய்ய வேண்டுமாம்" என்று சில சிப்பாய்களுக்கு மனக்குறை. இந்த உலகத்தில் இதற்கு என்றைக்காவது பழி வாங்கப்படுமானால் ஜெர்மானியர்களாகிய நம்மைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்ற பொருளில் தம் வண்டியோட்டியிடம் அவர் சொன்னார். அழுத கண்ணோடு உத்தரவை நிறைவேற்றிய அந்த மனிதரை என்ன சொல்வது? அவர் கல் நெஞ்சராக இருந்திருந்தால் ஒருவேளை அந்தப் பன்னிரண்டு பேரும் தப்பியிருக்க மாட்டார்கள். அவர் இளகிய மனசுக்காரராக இருந்ததனால் 1,500 பேரில் ஒருவரும் தப்பவில்லை.

பகல் முழுவதும் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வேடிக்கை என்ற சொல்லைத் தவிர வேறு அகப்படவில்லை. வரிசையில் அசையாமல் நின்றவர்களில் பலர் பிற்பாடு நழுவப் பார்த்தார்கள். சிலர் சோதனை போட்ட வீடுகளையே மறுபடியும் சோதனை போட்டார்கள். சிலர் பாதிரியாரின் தோட்டத்தில் போய் ஒளிந்துகொண்டார்கள். அங்கேயே நிம்மதியாக இருந்தார்களா? இல்லை, தாங்கள் இல்லாததைத் தோழர்கள் கவனித்துவிடுவார்களே என்ற பயம் பிடுங்கித் தின்ன, திரும்பி வந்துவிட்டார்கள். இன்னும் சிலர் இரண்டு மூன்று பேரைச் சுட்ட பிறகு ஸார்ஜெண்டிடம் போய், முடியவில்லை என்றார்கள். சரி, லாரிக்குக் காவல் போ என்று அனுப்பிவிட்டான். முதல் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னால் கேட்டிருந்தாலும் அவர்களுக்கு இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

ஏன் கேட்கவில்லை?

இருபது வருஷம் கழித்து ஹாம்பர்க்கில் இந்தக் கேள்வியை அதிகாரிகள் கேட்டார்கள். 1962 முதல் நடந்த விசாரணையில் பட்டாளத்தைச் சேர்ந்த 210 பேரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அந்தக் காகிதக் கட்டுகளைப் பிரித்துப் படித்துக் கிறிஸ்டோபர் பிரௌனிங் என்ற அமெரிக்க சரித்திர ஆசிரியர் 1992-இல் ஒரு புத்தகம் எழுதினார். மறுத்தால் தலை போயிருக்கும் என்றுதான் இந்த மாதிரிக் கேஸ்களில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் நிராயுதபாணிகளைச் சுட மறுத்ததற்காக ஒரு ஜெர்மானியன் கடுந்தண்டனை அடைந்தான் என்று காட்ட, யுத்தத்துக்குப் பின் நடந்த நூற்றுக்கணக்கான வழக்குகளில் ஒரு வக்கீலாலும் ஓர் உதாரணம்கூடக் கொண்டுவர முடியவில்லை. யூஸெஃபூவிலோ மேஜரே வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

சிலர் உள்ளதைச் சொன்னார்கள். எல்லார் எதிரிலும் கோழை என்று பெயர் வாங்க மனம் வரவில்லை என்றான் ஒருவன். யோசிக்கவே நேரமில்லை என்றார்கள் பலர். நாம் விலகினால் நம் பங்கு வேலையும் தோழன் தலையில்தானே விழும் என்ற எண்ணம் வேறு. தூர தேசத்தில், பகைவர் நடுவில், சாப்பாட்டுக்கும் பேச்சுத்துணைக்கும் அந்த ஐந்நூறு பேரைத் தவிர நாதியில்லை. அவர்கள் முகம் திருப்பிக்கொண்டால் அப்புறம் எங்கே போவது? கொலை செய்வதைவிட, கூட இருப்பவன் தன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பான் என்பது பெரிய கஷ்டமாகப் பட்டிருக்கிறது.

நான் மிகவும் யோசித்த விஷயம் வேறு. மறுத்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? "இது பாவம், நான் செய்ய மாட்டேன்" என்று அநேகமாக ஒருவரும் சொல்லவில்லை. "எனக்கு அவ்வளவு தைரியம் போதாது, நான் பலவீனன்" என்று சொல்லித்தான் ஒதுங்கினார்கள். பாவம் என்று சொன்னால் பக்கத்தில் நிற்பவனைப் பாவி என்று சொன்னதாகும். அப்புறம் அவனோடு ஒரே கொட்டகையில் படுப்பது எப்படி? ஆகவே நல்ல மனசைப் பலவீனம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டார்கள். தோழர்களும் "போகிறான், கையாலாகாதவன்" என்று விட்டுவிட்டார்கள். இதன் விளைவு விபரீதமானது. அடுத்த முறை மறுக்க நினைத்தவனுக்கு முன்னுதாரணமாக யோக்கியன் ஒருவனும் இல்லை. கையாலாகாதவர்கள் சிலர்தான் இருந்தார்கள். வெளிப்படையாகப் பேசியவர் என்று சொல்லத்தக்கவர் ஒரே ஒருவர், ஹாம்பர்க்கில் மரவியாபாரம் செய்துவந்த ரிசர்வ் லெப்டினெண்டு. ஆயுதமற்ற பெண்களையும் குழந்தைகளையும் சுட மாட்டேன் என்று முதல் நாளே தெரிவித்து, வேலைக்குப் பிரித்த ஆண்களை லூப்ளினுக்கு அழைத்துப்போகும் பொறுப்பை வாங்கிக்கொண்டார். அவர் படித்தவர், சொந்தத் தொழில் உள்ளவர். போலீஸில் உத்தியோக உயர்வு அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

முதலில் முன்னால் வந்த அந்த ஒருவனைப் பற்றி நினைக்கும்போது எனக்கு ஸாலமன் ஆஷ் என்பவரின் சோதனை ஞாபகம் வருகிறது. இவர் வார்ஸாவில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா போய், மனோதத்துவப் பேராசிரியரானவர். 1950-களில் அவர் செய்தது மிக எளிய காரியம். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும், குழந்தைக்குக்கூடத் தெரியும். அறையில் ஏழெட்டு மாணவர்கள். அவர்களில் ஒருவனைத் தவிர மற்றவர்கள் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் ஒரே குரலாகத் தப்பான கோட்டைக் காட்டினால், நிஜ மாணவன் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை தன் கண்ணைத் தள்ளிவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டான். ஆனால் அறையில் இன்னும் ஒரே ஒருவன் சரியான விடையைச் சொல்லிவிட்டால் போதும், அப்படிச் சேர்ந்துகொள்வது முன்பு இருந்ததில் கால்வாசியாகக் குறைந்தது. யூஸெஃபூவில் அந்த முதல் ஆள் பத்துப் பன்னிரண்டு பேரை விடுவித்தான். ஹோஃப்மன் போட்ட கூச்சல் எத்தனை பேரின் காலைக் கட்டியது என்பதற்குக் கணக்கில்லை.

அன்று இரவு கொட்டகையில் ஒருவரும் பேசவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. குடித்தார்கள். டிராப் ஒவ்வொருவரிடமும் போய், பொறுப்பு நம்முடையதில்லை, மேலிடத்தைச் சேர்ந்தது என்று தேற்றினார். நடுநிசியில் ஒருவன் தூக்கத்தில் எழுந்து கூரையைப் பார்த்துச் சுட்டான். அவர்கள் மிருகங்கள் இல்லை என்பதற்கு இவ்வளவு சாட்சி இருக்கிறது. ஆனால் அந்தத் துக்கம் அவர்களை நிறுத்தவில்லை. அடுத்த மாதம் வோமாஸி என்ற ஊரில் 1,700 பேர். அங்கே விலகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சுடும் வேலையில் பெரும்பகுதியை வேறு கூலிப்படை செய்தது. இந்தத் தடவை எவ்வளவோ தேவலை என்று சிப்பாய்களுக்குத் தோன்றியது. தேர்ந்தெடுக்கும் பாரமே நீங்கிவிட்டதல்லவா! பட்டாளத்தில் கடைசிவரை சுடுவதிலிருந்து ஒதுங்கியே இருந்தவர்கள் பத்தில் ஒருவர், மிஞ்சிப்போனால் ஐந்தில் ஒருவர் என்று பிரௌனிங் மதிப்பிடுகிறார். 1943 நவம்பருக்குள் இந்த ஐந்நூறு பேரின் கையால் செத்தவர்கள் குறைந்தது 38,000. ரயிலேற்றி டிரெப்லிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் 45,000.

பிரௌனிங் சொல்வதை மறுத்து, அதே காகிதங்களைப் படித்த டானியல் கோல்ட்ஹாகன் 1996-இல் இன்னொரு புத்தகம் எழுதினார். தோழர்களுக்குப் பயந்தார்கள் என்பதெல்லாம் சாக்கு; யூதர்களைக் கொல்வது சரி என்று நம்பியதால் கொன்றார்கள் என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் பலமாக மோதிக்கொண்டார்கள். யூதர்களை மனிதர்களாகவே எண்ணாத வெறுப்பு அந்த நாட்டுக் காற்றில் இல்லாவிட்டால் இப்படி ஓர் உத்தரவே பிறந்திராது. கோல்ட்ஹாகன் சொல்வதில் அந்த மட்டும் நியாயம் உண்டு. ஆனால் நம்பிக்கையோடு செய்கிறவனுக்குச் சாராயம் எதற்கு? பாதிரியார் தோட்டம் எதற்கு?

கோல்ட்ஹாகன் எடுத்துக்காட்டும் ஒரு சம்பவம் அவர் வாதத்தைவிட எனக்குப் பிரௌனிங் வாதத்துக்கே அதிகம் உதவுகிறது. அதே காப்டன் ஹோஃப்மன், 1943 ஜனவரி. போலந்துக்காரர்களிடம் திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், காசு கொடுக்காமல் சாமான் எடுக்க மாட்டோம் என்று எழுதிய ஒரு தாளில் எல்லாரும் கையெழுத்திட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ஹோஃப்மன் மாட்டேன் என்றான். ஜெர்மன் அதிகாரியாகிய என் கௌரவத்துக்கு இது இழுக்கு என்று எழுத்திலேயே கொடுத்தான். பெண்களையும் குழந்தைகளையும் ஆயிரக்கணக்கில் கொன்றவனுக்குத் திருடன் என்ற சந்தேகம் பொறுக்கவில்லை! உத்தரவை மறுக்க அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எதை மறுத்தால் சக அதிகாரிகள் மெச்சுவார்கள் என்பதும் தெரிந்திருந்தது. இவனுக்கே கொலைக்காரியம் நெருங்கும்போதெல்லாம் வயிற்றுவலி வந்து படுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. நோய் நிஜந்தான் என்கிறார்கள். கம்பெனியில் எல்லாரும் சிரித்தார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1942 ஆகஸ்டில் மியெஞ்ஜிஷெட்ஸ் என்ற ஊரை—நம் நாக்குக்கு வராத பெயர்—காலி செய்தபோது, காப்டன் வோலாஃப் என்பவன் புது மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் கர்ப்பிணி. ராணுவக் கோட்டைப் போர்த்துக்கொண்டு சந்தைத் திடலில் நின்று பார்த்தாள். அன்றும் மறுநாளும் ஏறக்குறைய ஆயிரம் பேரை அங்கேயே சுட்டார்கள். பல ஆயிரம் பேரை ரயிலில் அடைத்து அனுப்பினார்கள். பட்டாளமே பொங்கி எழுந்தது, வோலாஃப் மனைவியை அழைத்துவந்ததற்காக! பிள்ளைத்தாய்ச்சிப் பெண் பார்க்கிற காட்சியா இது என்று டிராப் எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். தங்களுக்குள் இருந்தவரையில் அவர்களுக்கு உறைக்கவில்லை. வெளியிலிருந்து ஒரு ஜோடிக் கண் வந்து பார்த்ததும் வெட்கம் பிடுங்கியது. தங்கள் வீட்டிலும் இதே போல் இரண்டு கண்கள் இருப்பது நினைவுக்கு வந்திருக்கும்.

யுத்தம் முடிந்தது. ஹோஃப்மனும் வோலாஃபும் ஹாம்பர்க் போலீஸிலேயே மறுபடியும் உத்தியோகம் பார்த்தார்கள். 1968-இல் கோர்ட் இருவருக்கும் எட்டெட்டு வருஷம் விதித்தது; ஹோஃப்மனுக்கு அப்பீலில் குறைந்தது. சாதாரண சிப்பாய்களில் பெரும்பாலோர் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

டிராப் அதற்கு வெகு முன்பே அகப்பட்டார். 1942 செப்டம்பரில் ஒரு ஸார்ஜெண்டைக் கொரில்லாக்கள் கொன்றதற்குப் பழியாக, டால்சின் என்ற கிராமத்தில் 78 போலந்துக்காரர்களை அவர் சுடச் செய்திருந்தார். அதில் சேர்ந்திருந்த ஒரு போலீஸ்காரனை, அவனோடு மனஸ்தாபமாகிப் பிரிந்த மனைவி காட்டிக்கொடுத்தாள். அவன் மற்றவர்களைச் சொன்னான். 1947-இல் நாலு பேரைப் போலந்துக்கு அனுப்பினார்கள். 1948 ஜூலை 6-ஆம் தேதி ஸெட்ல்ஸே நகரில் ஒரே நாளில் விசாரணை முடிந்தது. டிராப்புக்கும் அந்தப் போலீஸ்காரனுக்கும் மரண தண்டனை, டிசம்பரில் நிறைவேற்றினார்கள். இன்னொருவனுக்கு மூன்று வருஷம். நாலாவது ஆள், யூஸெஃபூவில் சுட மாட்டேன் என்று சொன்ன அந்த மரவியாபாரி லெப்டினெண்டு. அவருக்கு எட்டு வருஷம். விசாரணை முழுவதும் டால்சின் கிராமத்து 78 பேரைப் பற்றியதாக இருந்தது. யூஸெஃபூவைப் பற்றியதாக இல்லை.